வாயாக இருந்த பிள்ளை: வெளிநாட்டில் ஒரு மிஷனரிக் குடும்பம், ஆறு ஆண்டுகள்

எதற்காக இந்தப் பதிவு

வெளிநாட்டில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தில் ஆறு ஆண்டுகளில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவர்களை அனுப்பிய அமைப்பில் மிஷனரிகளின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. ஆகவே நடந்த பிசகில் எனக்கும் பங்கு உண்டு. தாய், தகப்பன், இப்போது பன்னிரண்டு வயதாகும் மகள் ஆகிய மூவரும் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகே இதை வெளியே தருகிறேன். நாடு, ஊர், மொழி, அமைப்பு எதையும் சொல்லவில்லை. மகள் இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னாள். இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

மிஷனரிகளின் சிரமம் என்றதும் எதிர்ப்பு, நோய், பணத்தட்டுப்பாடு என்றுதான் பேச்சு போகும். இந்தக் குடும்பத்தில் அவை ஓரளவு இருந்தன, சமாளித்தார்கள். இடறியது வேறோர் இடத்தில்: வீட்டில் யாருக்கு அந்த ஊர் மொழி தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்.

பின்னணி

புறப்பட்டபோது தகப்பனுக்கு 36 வயது, தாய்க்கு 33, மகளுக்கு 6, மகனுக்கு ஒன்றரை. தகப்பன் பொறியாளர் வேலையை விட்டு இறையியல் படித்தவர். தாய் எட்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். எங்கள் கோப்பில் அவர் ‘மிஷனரி’, இவர் ‘மிஷனரியின் மனைவி’. அந்த ஒரு வரியில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் மொழி படிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டன. தகப்பனுக்கு வாரம் இருபது மணி நேர வகுப்பு, தாய்க்குப் பத்து மணி நேரம். புதிய மொழி படிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கும் அமெரிக்கப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவருக்கு எளிதான மொழிகளுக்கே ஏறத்தாழ 600 முதல் 700 வகுப்பு மணி நேரம் என்றும், மிகக் கடினமானவற்றுக்கு 2,200 மணி நேரம் என்றும் சொல்கிறது. எங்கள் திட்டப்படி தகப்பனுக்கு ஏறத்தாழ 1,800 மணி நேரம் கிடைத்திருக்கும். தாய்க்கு 900.

நான்காம் மாதம் மகனுக்கு மூச்சிரைப்பு வந்தது. அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தாய் வகுப்பை நிறுத்தினார். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தகப்பன் மொழிப்பள்ளிக்கு எழுதினார், எங்களுக்கும் ஒரு பிரதி வந்தது. அதில் ‘பார்க்கப்பட்டது’ என்று கையெழுத்திட்டவன் நான். தாய் மொத்தம் படித்தது 140 மணி நேரம். பிறகு அவரை யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

மிஷனரி வரலாற்றில் இதற்கு இரண்டு பழைய சாட்சிகள் உண்டு, இரண்டும் எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லப்படுபவைதான். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியுடன் 1793இல் வங்காளத்துக்கு வந்த அவர் மனைவி டோரதி, வர விருப்பமில்லாமல் வந்தவர். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டோரதியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அது சரியாகவில்லை. அதே காலத்தில் கேரி மொழிமேல் மொழியாகக் கற்று வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1813இல் மிஷனரிக் கணவருடன் பர்மாவின் ரங்கூனில் இறங்கிய அமெரிக்கர் ஆன் ஜட்சன் கதை வேறு. வீட்டு நிர்வாகம் அவர் கையில் இருந்ததால், புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த கணவரைவிடப் பேச்சு பர்மியம் அவருக்கு விரைவில் வந்தது. 1824இல் பிரிட்டனுக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டு கணவர் அடோனிராம் தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டபோது, அதிகாரிகளின் வாசலில் நாள்தோறும் போய் நின்று மன்றாட அந்த மொழிதான் உதவியது. டோரதியின் துயரத்துக்கு மொழி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு கதைகளையும் நாங்கள் விசுவாசம், அர்ப்பணிப்பு என்ற தலைப்புகளில் நடத்தினோம். மனைவியின் மொழிப்படிப்பு என்ற தலைப்பே எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

மகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். பன்னாட்டுப் பள்ளியின் கட்டணம் சபைகள் காணிக்கையாக அனுப்பும் அவர்களுடைய மாதாந்தரத் தாங்குதலில் பாதியை விழுங்கியிருக்கும். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கத் தாயால் முடியும், ஆனால் பிள்ளைக்குத் தோழிகள் இருக்க மாட்டார்கள். முந்தைய தலைமுறைகளில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது: விடுதிப் பள்ளி. சீன உள்நாட்டு மிஷன் 1881இல் சீனக் கடற்கரை நகரான சீஃபூவில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் மாதக்கணக்கில் பெற்றோர் முகம் காணாமல் வளர்ந்தார்கள். அதை விரும்பும் பெற்றோர் இன்று குறைவு. உள்ளூர்ப் பள்ளி என்ற முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். பத்தே மாதங்களில் அவள் அந்த ஊர்ப் பிள்ளைபோலப் பேசினாள்.

மூன்று ஆண்டுகளின் அன்றாடம்

முதல் மொழிபெயர்ப்பு வாசலில் நடந்தது. மின்கணக்கு எடுக்க வந்தவர் எதையோ கேட்க, தாய் திகைத்து நிற்க, ஏழு வயது மகள் இடையில் புகுந்து பதில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து வீட்டுக்காரர் அனுப்பும் குரல் செய்திகள். அவற்றை அவள் காதில் வைத்துக் கேட்டுத் தாய்க்குச் சொல்வாள். பிறகு வங்கி, தம்பியின் தடுப்பூசி, ஆண்டுக்கொரு முறை குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் அலுவலகம். அங்கே பிள்ளையைப் பார்த்ததும் கவுன்டரில் இருப்பவர் முகம் இளகும், வேலை சீக்கிரம் முடியும். அதனால் பள்ளிக்கு விடுப்பு எடுத்து அவளையும் அழைத்துப்போவது வழக்கமாகிவிட்டது.

தகப்பனுக்கு மொழி தெரியாமலில்லை. அவருக்குத் தெரிந்தது பிரசங்க மேடையின் மொழி. கிருபையைப் பற்றி அரை மணி நேரம் தடையில்லாமல் பேசுவார். குழாயில் வாஷர் போய்விட்டது என்று சொல்ல மகளைக் கூப்பிடுவார்.

தாங்கும் சபைகளுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் மூன்றாம் ஆண்டு அவர் எழுதியது நினைவிருக்கிறது: மோசேக்கு ஆரோன் வாயாக இருந்ததுபோல் எங்களுக்கு எங்கள் மகள் இருக்கிறாள். அந்தக் கடிதத்துக்கு வந்த அளவு பதில்கள் வேறெந்தக் கடிதத்துக்கும் வரவில்லை. ‘சின்ன மிஷனரி’ என்று பல சபைகளில் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். நானும் அந்தக் கடிதத்தை மற்றக் குடும்பங்களுக்கு மாதிரியாக அனுப்பினேன். வேதத்தில் மோசேக்காகப் பேசிய ஆரோன் அவனுக்கு மூத்த சகோதரன், பிள்ளை அல்ல என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஆண்டே அவர்கள் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். அவளிடம் உள்ளங்கை அளவில் ஒரு குறிப்பேடு இருந்தது. இடப்பக்கம் ஊர் மொழிச் சொல், வலப்பக்கம் வீட்டு மொழிப் பொருள். பள்ளிப்பாடச் சொற்கள் இருக்கும் என்று புரட்டினேன். ‘முன்பணம்’, ‘ரசீது’, ‘தவணை’, ‘புகார்’, ‘காலாவதி’ என்று போனது பட்டியல். ஒரு சொல்லுக்கு எதிரே மட்டும் வெற்றிடம். “அங்கிள், பாக்கி என்றால் கடன்தானே?” என்று கேட்டாள். அந்தக் காலாண்டில் எங்கள் அலுவலகத்திலிருந்து தொகை போகத் தாமதமாகியிருந்தது, வாடகை நின்றிருந்தது. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்த செய்தியை, வீட்டுக்காரர் அவள் வாய்வழியாகத்தான் பெற்றோருக்கே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அவரே வந்தார். வாசலில் நின்று ஏறக்குறைய இரண்டு நிமிடம் உரக்கப் பேசினார். அவள் தாயிடம் திரும்பி, “அடுத்த வாரத்துக்குள் தரச் சொல்கிறார்” என்றாள். இவ்வளவு பெரிய கூச்சல் இவ்வளவு சின்ன வாக்கியமாகிவிட்டதே என்று அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சினேன். புறப்படும்போது நல்ல பேனா ஒன்றும் பரிசாகக் கொடுத்தேன். என் வருகை அறிக்கையில் குடும்ப நிலை என்ற இடத்தில் ‘மிகத் திருப்தி’ என்று இருக்கிறது.

மருத்துவமனையில் ஒரு செவ்வாய்க்கிழமை

நான்காம் ஆண்டில் தாய் மீண்டும் கருவுற்றார். பத்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரத்தக்கசிவு தெரிந்தது. தகப்பன் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பயிற்சி முகாமில் இருந்தார். கைபேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. தாய் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போனார். மகளுக்கு அப்போது பத்து வயது முடிய இரண்டு மாதம் இருந்தது.

ஸ்கேன் அறையில் மருத்துவர் முதலில் கேட்டது, கூடப் பெரியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று. மகள் அதைத் தாய்க்கு மொழிபெயர்க்கவில்லை. “இல்லை, நானே சொல்வேன்” என்று தானே பதில் சொன்னாள். (இது அவள் செய்த முதல் திருத்தம். ‘அவள் பேசாமல் இருந்தாள்’ என்று நான் முதலில் எழுதியிருந்தேன்.) மருத்துவர் தயங்கிவிட்டு, எளிய சொற்களில் நிதானமாகச் சொன்னார். குழந்தைக்கு இதயத்துடிப்பு தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். அதற்குள் இரத்தப்போக்கு அதிகமானாலும் காய்ச்சல் வந்தாலும் உடனே வர வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

மகள் அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார். அவள் தாயிடம் திரும்பினாள்.

“பாப்பா தூங்குகிறதாம் அம்மா. அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார்.”

தாளை மடித்துத் தன் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாள். தாய்க்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

சொல் புரியாமல் அவள் தவறாகச் சொல்லவில்லை. ‘இதயம்’, ‘இல்லை’ இரண்டும் மூன்றாம் வகுப்புச் சொற்கள். பின்னால் உளநல ஆலோசகரிடம் அவள் சொன்ன காரணம் இது: அதைச் சொன்னால் அம்மா அழுவார்கள், அழுதால் வீட்டுக்கு எப்படி அழைத்துப்போவது என்று தெரியவில்லை. எந்த எண் பஸ், எங்கே இறங்குவது என்பதெல்லாம் தாய்க்கு அவள்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் இரண்டு நிமிடக் கூச்சலை ஒரு வாக்கியமாக்கிய அதே வேலையை அவள் இங்கேயும் செய்தாள். அன்று அதற்குத்தான் நான் பேனா கொடுத்திருந்தேன்.

அடுத்த நான்கு நாட்கள்

புதன் இரவு தகப்பன் திரும்பினார். ‘ஒன்றுமில்லை, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்’ என்றார் தாய். மகள் வாயிலிருந்து அவர் காதில் விழுந்தது அதைத்தான். மகளுக்கு வயிற்றுவலி என்று வியாழனும் வெள்ளியும் பள்ளிக்குப் போகவில்லை. இரவில் எழுந்து பெற்றோர் அறை வாசலில் உட்கார்ந்திருந்ததாகத் தம்பி பிறகு சொன்னான்.

சனி அதிகாலை இரத்தப்போக்கு கடுமையானது. விடியட்டும் என்றார் தாய். கர்ப்ப காலத்தில் அதுவும் வரும்போலிருக்கிறது, குழந்தை நன்றாக இருப்பதாகத்தானே மருத்துவர் சொன்னார் என்று எண்ணியிருக்கிறார். மூன்று மணிக்கு மகள் பையைத் திறந்து தாளைக் கொண்டுவந்து தகப்பன் கையில் கொடுத்தாள். அவர் விளக்கடியில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை செய்து, இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். நான்காம் நாள் தாய் வீடு திரும்பினார்.

எடுத்த முடிவுகள்

செய்தி கிடைத்து எட்டாம் நாள் நான் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்பே தகப்பன் ஒரு நல்ல முடிவு எடுத்திருந்தார். மகளை அழைத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போனார். தான் எதுவும் பேசாமல், நடந்ததை நீங்களே இவளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அவள் அந்த அறைக்குள் வருவதற்கு முன்பே துடிப்பு நின்றுவிட்டது, அவள் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அது திரும்பியிருக்காது என்றார். நான்கு நாள் தாமதத்தைப் பற்றி அவள் கேட்டாள். பெரியவர்கள் கேட்டிருக்க வேண்டியதை உன்னிடம் சொன்னது என் தவறு என்றார். நாங்கள் யாரும் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தீர்ப்பு அந்த மொழியிலேயே, அந்த வாயிலிருந்தே வர வேண்டியிருந்தது.

குடும்பத்தைத் திருப்பி அழைப்பதா என்பது அடுத்த கேள்வி. எங்கள் குழுவில் பெரும்பான்மை ‘உடனே வரட்டும்’ என்றது. நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். மாலையில் மகள் என்னிடம், “நான் தப்பாகச் சொன்னதால்தான் போகிறோமா?” என்று கேட்ட பிறகு மாறினேன். அப்போது புறப்பட்டிருந்தால் அவள் வாழ்நாள் முழுவதும் அதற்கு ‘ஆம்’ என்றே பதில் வைத்திருப்பாள். தாயும் இருக்கவே விரும்பினார். ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை என்ற நிபந்தனையோடு தங்குவதென்று ஆயிற்று.

மூன்றாவது முடிவுதான் அலுவலகத்தில் சச்சரவைக் கிளப்பியது. ஒன்பது மாதம் தாய் முழுநேரமாக மொழி படிப்பார், தகப்பன் ஊழியத்தைப் பாதியாகக் குறைத்து வீட்டையும் மகனையும் பார்ப்பார் என்றோம். மனைவி மொழி படிக்கவா சபைகள் காணிக்கை தருகின்றன என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி கடுமையானது, ஆனால் மற்றவர்கள் மனத்திலும் இருந்ததை அவர் வெளிப்படையாகக் கேட்டார். இரண்டு யூனிட் இரத்தத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடிந்தது.

நான்காவது, மகள் இனி எங்கும் மொழிபெயர்க்கக் கூடாது. மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம், வாடகைப் பேச்சு எதற்கும் மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்துக் கல்லூரி மாணவி ஒருவரை அமர்த்தினோம். இதில் நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 2016இல் வந்த சுகாதாரத் துறை விதியே, அவசர நிலை தவிர நோயாளிக்கு மொழிபெயர்க்க அவருடன் வந்த சிறுபிள்ளையை நம்பக் கூடாது என்றது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் சுமக்கும் இந்த வேலையைப் பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். மிஷனரிக் குடும்பமும் அங்கே வந்திறங்கிய அந்நியக் குடும்பம்தான் என்பது நாங்கள் மறந்துபோன விஷயம்.

ஐந்தாவது, தாங்குவோருக்கு உள்ளதை உள்ளபடி ஒரு கடிதம். தகப்பன் எழுதினார், மகள் பெயரைச் சொல்லாமல். இரண்டு சபைகள் தாங்குதலை நிறுத்தின. தங்களுக்கும் இப்படி நடந்தது என்று மூன்று மிஷனரிக் குடும்பங்கள் எழுதின.

பிறகு நடந்தது

மொழிபெயர்ப்பு கூடாது என்ற விதியை நான் ஒரே நாளில் அறிவித்தேன். அவளுக்கு விடுதலை கொடுப்பதாக எண்ணம். அடுத்த வாரம் அந்தக் கல்லூரி மாணவி வீட்டுக்கு வந்து வாடகைப் பத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது மகள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “அக்கா சொன்ன சொல் தப்பு” என்றாள். உண்மையிலேயே தப்புதான். யாரும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டோம், விதி விதிதானே. அன்றிலிருந்து வீட்டில் அந்த மொழியில் ஒரு சொல்கூட அவள் பேசவில்லை. தெருவில் பெற்றோருக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். தம்பி அந்த மொழியில் பேசினால் அடித்தாள். “எனக்கு வேலை போய்விட்டது” என்று ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றாண்டுகள் அந்தக் குடும்பத்தில் அவளுக்கிருந்த இடமே அதுதான். சுமையை இறக்கியபோது கூடவே அந்த இடத்தையும் பறித்துவிட்டோம் என்பது புரிய இரண்டு மாதம் ஆனது.

ஆலோசகர் (வீடியோ அழைப்பில், வீட்டு மொழியில் பேசுபவர்) வேறு வழி சொன்னார்: அவள் தாய்க்குத் தினம் அரை மணி நேரம் மொழி கற்றுக்கொடுக்கட்டும். ஏட்டில் அழகான யோசனை. மூன்றே வாரத்தில் சண்டையில் முடிந்தது. தாயும் ஆசிரியை, மகளும் ஆசிரியை, மாணவி இல்லை. கடைசியில் உதவியது விதியைத் தளர்த்தியதுதான். கடையிலும் பஸ்ஸிலும் வாசலிலும் அவளிடம் கேட்கலாம், அவள் மாட்டேன் என்றும் சொல்லலாம். மருத்துவமனை, பணம், அரசு, சண்டை இந்த நான்குக்கும் கேட்கவே கூடாது. முதல் மாதம் கேட்டதற்கெல்லாம் மாட்டேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் தாய் “சரி” என்று சொல்லிவிட்டுத் தானே திக்கித் திணறிப் பேசி முடிப்பார். அதைப் பார்க்கத்தான் அவள் மறுத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு ஓர் ஐயம்.

தாய் 36 வாரங்களில் ஏறத்தாழ 790 மணி நேரம் படித்தார். கணக்கு ஆசிரியைக்கே உரிய பிடிவாதம் அது. வினைச்சொற்களைக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். ஏழாம் மாதம் வாசிப்புப் பாடத்தில் உடலுறுப்புகள் வந்தன. ‘துடிப்பு’ என்ற சொல்லை வாசித்ததும் நின்றுவிட்டார். இழந்த குழந்தைக்காக அவர் யார் முன்னும் அழுதிருக்கவில்லை. அன்று அந்த மொழியில், இருக்கிற நூறு சொற்களை வைத்துக்கொண்டு, தன் மொழி ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னார். ஆசிரியை தானும் ஒரு குழந்தையை இழந்தவர். நான்கு ஆண்டுகளில் அந்த ஊரில் தாய்க்குக் கிடைத்த முதல் தோழி அவர்தான்.

தகப்பனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் இருந்த ஒன்பது மாதத்தில் அவருடைய பிரசங்கங்கள் குறைந்தன, மொழி தேறியது. குழாய் பழுதுபார்ப்பவர், மகனின் வகுப்பாசிரியை, எதிர்வீட்டுத் தாத்தா என்று பேசிப்பேசி, மேடையில் இருந்த விறைப்பு போய்விட்டது என்று உள்ளூர்ப் போதகரே சொன்னார்.

ஐந்தாம் ஆண்டு இறுதியில் நான்கு மாத விடுப்பில் ஊர் வந்தார்கள். இரண்டு உலகங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்பார்கள். சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது புழக்கத்துக்கு வந்த பெயர் அது. விடுப்பில்தான் அது முழுதாக வெளிப்படும். ஒரு சபையில் ஆராதனை முடிந்ததும் ‘அந்த மொழியில் ஏதாவது பேசிக்காட்டு பாப்பா’ என்று மகளிடம் மைக்கை நீட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா மிஷனரிப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான், யாரும் தீங்கு நினைத்துச் செய்வதில்லை. அவள் தாயைப் பார்த்தாள். தாய் எழுந்து போய் மைக்கை வாங்கி, அந்த மொழியில் இரண்டு வாக்கியம் தானே பேசிவிட்டு உட்கார்ந்தார். இரண்டாம் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருந்ததாம். மகள் அங்கேயே அம்மாவின் காதில் சொல்லியிருக்கிறாள். (இது அவளுடைய இரண்டாம் திருத்தம். பிழை இல்லை என்று எழுதியிருந்தேன்.)

இன்னும் சரியாகாதவையும் உண்டு. யாராவது இரண்டு மொழிகளில் மாறிமாறிப் பேசினால் அவளுக்கு வயிற்றுவலி வருகிறது. மருத்துவமனைப் படிக்கட்டு ஏற மறுக்கிறாள். ஆலோசனை தொடர்கிறது.

மாற்றியதும் மாற்றாததும்

புறப்படும் குடும்பங்களின் கோப்பில் இப்போது இருவரும் ‘மிஷனரி’. வகுப்பு நேரம் இருவருக்கும் சமம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு மொழிப்படிப்புச் செலவின் பகுதியாகவே கணக்கில் வருகிறது. ஒருவர் படிப்பை நிறுத்தினால் கையெழுத்துப் போடாமல் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளருக்கான தொகை அவசரநிதியில் சேர்ந்துவிட்டது. ஜெபக் கடிதங்களில் பிள்ளைகளின் திறமையை எழுதுவதைத் தடுக்க முடியவில்லை. பெற்றோர் பெருமைப்படத்தான் செய்வார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

மீண்டும் முதலிலிருந்து தொடங்க முடிந்தால், நான்காம் மாதத்திலேயே தாயின் படிப்புக்கு வழி செய்திருப்பேன். விதியைத் தடாலடியாக அறிவிக்காமல் மகளையும் உட்காரவைத்துப் பேசியிருப்பேன். அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிய அன்று, அதில் எழுதப்பட்டிருந்ததை வாசித்திருப்பேன்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் ‘மிஷனரியின் மொழித்தேர்ச்சி’ என்று ஒரே கட்டம் இருந்தது. இப்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கீழே ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: உங்கள் பிள்ளைகள் யாருக்காக, எங்கே மொழிபெயர்க்கிறார்கள்? புதிய படிவங்களில் முதலாவதாகத் திரும்பி வந்தது வேறொரு நாட்டில் இருக்கும் குடும்பத்தினுடையது. அந்தக் கேள்விக்கு எதிரே மூன்று சொற்கள் எழுதியிருந்தார்கள்: ‘எல்லோருக்கும், எல்லா இடத்திலும்.’ அருகில் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தது. அடுத்த மாதம் அவர்களைப் பார்க்கப் போகிறேன். பயணச்சீட்டு எடுத்தாயிற்று.